குர்மேஜ் சிங்கின் பருப்பு வாளி

வலது தோள் முன்னால், இடது தோள் பின்னால். குர்மேஜ் சிங் நேராக நடக்கவே மாட்டார். இரண்டு பந்திகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் போவார். ஒரு கையில் பருப்பு வாளி, மறு கையில் நீளக் கரண்டி. குருத்வாராவின் தரை கல் பாவிய தரை, ஆடுவதுமில்லை அசைவதுமில்லை. ஆனாலும் அவர் இடுப்பு மட்டும் பள்ளம் மேட்டுக்குத் தகுந்தாற்போல லேசாக வளைந்து கொடுக்கும். ஆயுசில் பாதியை ஓடுகிற பஸ்ஸில் நின்றே கழித்த கண்டக்டர் அவர். அசையாத தரையை அவர் கால்கள் இன்னும் நம்பவில்லை.

"தால் ஜீ, தால்... வாகேகுரு... தால் ஜீ, தால்..."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் "ஹரிகே, ஜீரா, கோட் ஈசேகான், மோகா" என்று ஊர்ப் பெயர்களைக் கூவுவதுபோலக் கேட்கும். அதே இழுப்பு, கடைசிச் சொல்லில் அதே வெட்டு. வெளியூரிலிருந்து வந்து முதல் முறையாகப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பழகியவர்கள் சிரித்துக்கொள்வார்கள். கூட்டம் நெருக்கினால் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். "கொஞ்சம் முன்னாடி நகருங்கம்மா. பின்னாடி எடம் விடுங்க. குரு வீட்டு வண்டியில நிக்கிற டிக்கெட்டே கிடையாது, எல்லாருக்கும் சீட்டுதான்." பந்தியின் கடைசி ஆளிடம் வந்ததும் வாளியை ஒரு முறை ஏற்றிப் பிடித்துக்கொண்டு கேட்பார்: "எறங்கறவங்க உண்டா?" போதும் என்று கையால் தட்டை மூடினால் இறங்குகிறார் என்று அர்த்தம். மூடாவிட்டால் இன்னொரு கரண்டி.

பச்சை மிளகாயும் அவர் பொறுப்புத்தான். அதற்குத் தனியாக ஒரு தட்டு எடுத்துவர மாட்டார். வாளியைப் பிடித்திருக்கும் கையின் விரலிடுக்குகளிலேயே மிளகாய்கள் நீள வாக்கில் செருகியிருக்கும். அந்தக் காலத்தில் மடித்த நோட்டுகளை அப்படித்தான் செருகியிருந்தார். கேட்பவருக்கு ஒன்றை மட்டும் உருவிப் போடுவார். அடுத்தது தானாக முன்னுக்கு வந்து நிற்கும்.

ஜீரா மண்டிக்குப் பக்கத்துக் குருத்வாராவில் இந்த மனிதரைத் தெரியாதவர் கிடையாது. அவரை யாரும் அழைத்து வரவில்லை, நியமிக்கவும் இல்லை. பனி மூடிய ஒரு மார்கழியில் பஸ் மேலே போக முடியாமல் நின்றுவிட்டது. பயணிகள் எல்லாரும் குருத்வாராவுக்குள் போய்விட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தவர்கள் நிறைய, பரிமாற ஆளில்லை. பஸ் டிரைவர் தர்பாரா சிங் அவரை முதுகில் தட்டி, "என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கறே. இதுவும் உன் ரூட்டுதானே, நடுவுல ஒரு சந்து, ரெண்டு பக்கமும் ஜனம். ஏறு" என்றார். குர்மேஜ் வாளியைத் தூக்கினார். அன்றைக்குத் தூக்கியதுதான். வேலையில் இருந்தவரை வாரம் ஒரு முறை, ஓய்வு பெற்ற பிறகு தினமும். தர்பாரா சிங்கும் ஓய்வு பெற்று இப்போது லங்கர் என்கிற அந்தப் பொதுப்பந்தியின் சமையலுக்கே பொறுப்பாளராக இருக்கிறார். ஒரே வண்டியில் ஓடிய இரண்டு பேரும் ஒரே சமையல்கட்டில் வந்து இறங்கிவிட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

மற்றவர்கள் விடியலில் குளித்து, உட்கார்ந்து, நாமம் ஜெபிக்கிறார்கள். குர்மேஜுக்கு அது வரவில்லை. முயன்று பார்க்காமல் இல்லை. உட்கார்ந்தால் தலை தொங்கும், குறட்டை கிளம்பும், பக்கத்தில் இருப்பவர் முழங்கையால் இடிப்பார். பந்தியில் நடக்கும்போது மட்டும் கதையே வேறு. ஒவ்வொரு கரண்டி சரியும்போதும் உதடு 'வாகேகுரு' என்று ஒரு முறை அசையும். தட்டுக்கு ஒரு பெயர், ஆண்டவனின் அந்த ஒரே பெயர். யாருடைய தட்டு என்று பார்க்க மாட்டார். வைரத் தோடோ, வெடித்த பாதமோ, எல்லாவற்றுக்கும் அதே குனிவு, அதே ஒரு கரண்டி. "உக்காந்து கூப்ட்டா அவர் வர்றதில்லப்பா. நடந்தாத்தான் கூட வர்றார். அவரும் என்னைப் போல நின்னே பழகினவர் போலிருக்கு" என்பார். விளையாட்டாகச் சொல்வதுபோல இருக்கும். விளையாட்டில்லை. அவருக்கு இருந்த ஒரே வழிபாடு அதுதான், அந்தச் சந்தும் அந்த வாளியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அதை ஊரே மெச்சும். குர்மேஜ் சிங் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்த்ததில்லை. கடைசி ஆள் எழுந்து, பாய்களைச் சுருட்டி, தரையைக் கழுவிவிட்ட பிறகு, சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்து நின்றபடியே, வாளியின் அடியில் மிச்சமிருக்கும் பருப்பில் காய்ந்த ரொட்டியைத் தோய்த்துத் தின்பார். யார் தட்டு நீட்டினாலும் தலையை ஆட்டிவிடுவார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தலில் உட்காராமல் நேரே அடுப்படிக்குத்தான் போவார். ஒரு முறை காய்ச்சலில் படுத்திருந்தபோது பக்கத்து வீட்டு பச்சன் கௌர் ஒரு கிண்ணம் கிச்சடி கொண்டுவந்து கொடுத்தாள். கிண்ணத்தின் சூடு ஆறுவதற்குள் அதில் வெல்லக் கட்டியை நிரப்பித் திருப்பி அனுப்பிவிட்டார். எவ்வளவு பணிவான மனுஷன் பாருங்கள் என்றார்கள். பச்சன் கௌருடைய முகம் எப்படிப் போயிற்று என்று அவர்கள் யாரும் பார்க்கவில்லை. குர்மேஜின் மனைவி சிந்தர் கௌர் பார்த்தாள்.

அவருடைய வலது கட்டைவிரல் எப்போதும் ஆள்காட்டி விரலின் மேல் உருண்டுகொண்டே இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், டீ குடிக்கும்போதும், தூங்கும்போதும்கூட. ஒட்டிக்கொண்ட டிக்கெட்டுகளைப் பிரிப்பது மாதிரியே இருக்கும். "ரிட்டையர் ஆனவருக்கு விரல் மட்டும் இன்னும் டூட்டியில இருக்கு" என்று சிந்தர் கேலி செய்வாள். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். வேறு யாருக்கு வந்திருந்தாலும் அது நோய் என்று யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். கண்டக்டரின் விரல் என்பதால் யாருக்கும் தோன்றவில்லை.

அவருக்குத் தெரியும். விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு. கனமான வாளியைப் பிடிக்கிற கை நடுங்காது, கனமே அதை அமுக்கிவிடும். கரண்டி பிடிக்கிற கைதான் காட்டிக்கொடுக்கும். அதனால் கரண்டியை முக்கால் நிரப்பினார், பிறகு அரை. குனிவதை அதிகமாக்கினார், கரண்டியின் அடி தட்டின் விளிம்பைத் தொடும் வரைக்கும். இந்த வயதிலும் என்ன பக்தி, எவ்வளவு குனிகிறார் என்று அதற்கும் மெச்சினார்கள். மோகாவில் ஒரு டாக்டரைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குறைக்கலாம், நிறுத்த முடியாது என்றார் டாக்டர். மாத்திரைப் பட்டையைத் தலைப்பாகையின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். சிந்தரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வாளியைப் பிடுங்கிவிடுவார்கள். வாளி போனால் கூட நடக்கிறவரும் போய்விடுவார் என்ற பயம்.

நெல் வந்து குவியும் மாதம். மண்டியில் உமித் தூசு புகை மாதிரி எழும்பி, சூரியனே மஞ்சள் காமாலை கண்டதுபோல இருக்கும். மூட்டை தூக்க பீகாரிலிருந்து வரும் ஆட்கள் மாலையில் கை கால் கழுவிக்கொண்டு லங்கருக்கு வருவார்கள். அவர்களில் ராம்சுரத் என்று ஒருவர். நாற்பதைத் தாண்டியவர், ஒவ்வொரு அறுவடைக்கும் வருகிறவர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பந்தியின் ஓரத்தில் ஒடுங்கி உட்காருகிறவர். வந்த புதிதில் சும்மா சாப்பிடக் கூச்சப்பட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். குர்மேஜ்தான் இழுத்து உட்கார வைத்தார். "இங்க யாருக்குய்யா சொந்த வீடு. நானும் பிரயாணி, நீயும் பிரயாணி. உக்காரு." அதிலிருந்து ராம்சுரத் அவர் வரிசையில்தான் உட்காருவார்.

அன்று மாலை பருப்பு அப்போதுதான் இறங்கியிருந்தது, வாளிக்குள் இன்னும் குமிழ் உடைந்துகொண்டிருந்தது. ராம்சுரத் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டை முன்னால் நகர்த்தினார். கரண்டி கீழே வரும்போது குர்மேஜின் மணிக்கட்டு தன் இஷ்டத்துக்கு ஒரு வெட்டு வெட்டியது. பருப்பு தட்டில் விழவில்லை. ராம்சுரத்தின் புறங்காலில் விழுந்தது.

அந்த மனிதர் கத்தவில்லை. காலைத் தொடைக்குக் கீழே இழுத்துக்கொண்டு, கையால் தட்டை மூடி, "போதும் சர்தார்ஜி" என்றார். வயிறு நிறைந்தவர் சொல்வது மாதிரியே சொன்னார். தட்டு காலியாக இருந்தது.

குர்மேஜ் வாளியைப் பந்தியின் நடுவிலேயே இறக்கி வைத்தார். இத்தனை வருஷத்தில் வாளி தரையைத் தொட்டது அன்றுதான். தண்ணீர்க் குடத்தை அந்தக் காலில் கவிழ்த்தார், தோள் துண்டால் ஒற்றினார். தோல் துண்டோடு கொஞ்சம் வந்துவிட்டது. இரண்டு பந்திகளும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தன.

பந்தி முடிந்த பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தர்பாரா சிங் குர்மேஜை உட்கார வைத்தார்.

"கையைக் காட்டு."

"என் கைக்கு என்ன."

"காட்டுன்னா காட்டு."

"பழக்க தோஷம்ப்பா. டிக்கெட்டு கிழிச்ச விரலு."

"டிக்கெட்டு கிழிச்சது வெரலு. கரண்டிய ஆட்டுனது மணிக்கட்டு. வண்டி ஓட்டினவன்கிட்டயே ரூட்டு சொல்றியா?"

தர்பாரா சிங் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். கூண்டுக்குள் குருவி படபடப்பது மாதிரி அது உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

"நீ ஒரு விசில் அடிச்சா நான் நிறுத்துவேன். ஏன் எதுக்குன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? பின்னாடி என்ன நடக்குதுன்னு உனக்குத்தான் தெரியும்னு நிறுத்திருவேன். இப்ப விசில் நான் அடிக்கறேன். நீ நிறுத்து."

"ரொட்டிக் கூடையாவது..."

"கூடை வேணாம், தண்ணியும் வேணாம். கொஞ்ச நாள் எதுவும் வேணாம். வா, பந்தியில உக்காரு."

"உக்காந்து?"

"சாப்பிடு."

குர்மேஜ் சிரித்தார். யாரோ அசிங்கமாக ஏதோ சொன்னதுபோல இருந்தது அந்தச் சிரிப்பு. "அதுக்கா நான் இங்க வர்றேன்?"

தர்பாரா சிங் கையை விட்டார். "மத்தவங்கள்லாம் எதுக்கு வர்றாங்கன்னு நெனச்சே?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போனார். பெரிய அண்டாவைத் தேய்க்கிற சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் குர்மேஜ் குருத்வாராவுக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. சிந்தர் லங்கரில் ரொட்டி தட்டப் போய்விட்டு வந்து பார்த்தால், அவர் கொல்லையில் நடந்துகொண்டிருந்தார். முள்ளங்கி முளைத்து வரிசை வரிசையாக நின்றது. இரண்டு வரிசைக்கு நடுவே வலது தோள் முன்னால், இடது தோள் பின்னால். வாளியில் தண்ணீர், கையில் வீட்டுக் கரண்டி. ஒவ்வொரு நாற்றாகக் குனிந்து குனிந்து ஊற்றினார். பாதி நாற்றின் மேல் விழுந்தது, பாதி அவர் காலிலேயே விழுந்தது.

"என்ன இது, முள்ளங்கிக்கு லங்கரா?" என்றாள் சிந்தர். "அதுக்கும் பச்ச மொளகா வெப்பீங்களா?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கேலியைத் தொடர வாயெடுத்தவள், அவர் உதட்டைப் பார்த்து நிறுத்திவிட்டாள். உதடு அசையவில்லை. வரிசையின் கடைசி வரைக்கும் போய், கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டு நின்றார்.

"வர மாட்டேங்கறார், சிந்தர்."

யார் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாதா. வாளியை வாங்கி ஓரமாக வைத்தாள். அன்றைக்கு அவருக்குப் பிடித்த கீரையைக் கடைந்தாள். அவர் அதையும் நின்றபடியே சாப்பிட்டார்.

அதற்கு அடுத்த நாள் தீக்காய மருந்து, பஞ்சு, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போனார். நெல் குவியலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ராம்சுரத் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காலில் கிழிந்த வேட்டித் துண்டு சுற்றியிருந்தது. அவருடைய ஊர்க்காரர்கள் வெளியே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

குர்மேஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கட்டை அவிழ்த்து மருந்து போட்டார். கை ஆடியது. ராம்சுரத் காலை ஆட்டாமல் வைத்துக்கொண்டார்.

"வேலைக்குப் போக முடியலியா?"

"நாலு நாள்ல சரியாப் போயிரும் சர்தார்ஜி. பகல்ல இங்க சும்மா கெடக்கறதுக்கு உங்க லங்கர்ல போயிப் பூண்டு உரிக்கறேன். நேத்து ரொட்டிக் கூடையைக் குடுத்தாங்க. நொண்டிக்கிட்டே போனேன். யாரும் ஒண்ணும் சொல்லல."

தன் வரிசையில் இப்போது யார் நடக்கிறார் என்பதைக் குர்மேஜ் அப்போதுதான் கேள்விப்பட்டார்.

ராம்சுரத் பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து, வறுத்த கடலை மாவை இரண்டு கை அள்ளி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தார். உப்பு, ஒரு சிட்டிகை ஓமம், நசுக்கிய வெங்காயம். விரலாலேயே கலக்கினார். ஊரிலிருந்து மனைவி வறுத்து அரைத்துக் கட்டிக்கொடுத்த மாவு. டம்ளரின் வெளிப்பக்கத்தைச் சட்டையில் துடைத்து, இரண்டு கைகளாலும் நீட்டினார்.

"குடிங்க."

"வேணாம்ப்பா. வயிறு நெறஞ்சிருக்கு."

சொல்லி முடிப்பதற்குள் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து ராம்சுரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டார். கை தன் பழக்கப்படி செய்துவிட்டது.

ராம்சுரத் வாழைப்பழத்தைப் பார்த்தார். டம்ளரைத் தரையில் வைத்தார், தானும் குடிக்கவில்லை. "சரி சர்தார்ஜி" என்றார். கோபமே இல்லாத குரலில், காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எத்தனையோ நாளு மண்டியில முதலாளி வீட்டுச் சாப்பாடு வந்துருக்கு. வயிறு முட்டத் தின்னுட்டு, பழக்கத்துல உங்க பந்திக்கும் வந்து உக்காந்துருக்கேன். நீங்க வந்து குனிஞ்சு நிப்பீங்க. நெறஞ்சிருக்குன்னு சொல்ல எனக்கு மனசு வராது. குனிஞ்சு நிக்கறாரே மனுஷன்னு தட்டை நீட்டிருவேன்."

குர்மேஜ் கொட்டகையை விட்டு வெளியே வந்தார். உமித் தூசு கண்ணில் விழுந்தது போலத் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். சந்தில் நடப்பது போல நடக்கவில்லை. நேராக, வேகமாக, யாரோ துரத்துகிற மாதிரி நடந்தார் என்று வழியில் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து சிந்தரிடம் எல்லாவற்றையும் சொன்னார். தலைப்பாகை மடிப்பிலிருந்த மாத்திரைப் பட்டையையும் எடுத்து வைத்தார். அவள் மாத்திரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தலைப்பாகையைத் துவைக்கிறவள் அவள்தானே, அவளுக்கு எப்போதோ தெரியும்.

"அந்த ஆளு சொன்னதுல என்ன தப்பு?" என்றாள்.

"தப்புன்னு நான் சொன்னேனா."

"பச்சனோட கிண்ணம் ஞாபகம் இருக்கா?"

"கடன் வெக்கக் கூடாதுன்னுதான் வெல்லம் போட்டுக் குடுத்தேன்."

"கடனா? அவ என்ன கடை வெச்சு நடத்தறாளா? ஆசையாக் கொண்டாந்தா. வெல்லத்தப் பாத்துட்டு ஒரு வாரம் எங்கூடப் பேசல." சிந்தர் மாவைப் பிசைந்துகொண்டே பேசினாள். அடித்துப் பிசைந்தாள். "குடுக்கறவர் ஒருத்தர்தான், மேல இருக்கறவர்தான்னு வாய் ஓயாம சொல்றீங்க. அப்ப இத்தன வருஷமா வாளியத் தூக்கிட்டு அந்தச் சந்துல நடந்தது யாரு?"

அவருடைய கட்டைவிரல் மட்டும் டிக்கெட்டைப் பிரித்துக்கொண்டே இருந்தது.

"ராஜாவும் கூலிக்காரனும் ஒரே பாயில உக்காரணும்னுதானே பந்தியே வெச்சாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் உக்காரல. எல்லாருக்கும் கீழன்னு நின்னீங்களா, மேலன்னு நின்னீங்களா, எனக்குத் தெரியாது. ஆனா உக்காரல." மாவு உருண்டையைத் தட்டில் வைத்து ஈரத்துணியைப் போட்டு மூடினாள். "போதும். என் வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். இனிமே சொல்ல மாட்டேன்." அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை. அவள் அப்படித்தான்.

மறுநாள் மதியம் குர்மேஜ் சிங் குருத்வாராவுக்கு வந்தார். செருப்பை விட்டார், காலைக் கழுவினார், சன்னிதியில் நெற்றியைத் தரையில் வைத்தார். சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு வந்ததும் கால் தானாகச் சமையல்கட்டுப் பக்கம் திரும்பியது. நிறுத்தினார். சுவரோரம் அடுக்கியிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்தார். தட்டை எப்படிப் பிடிப்பது என்று தெரியாதவர் போல மார்போடு அணைத்துக்கொண்டு, பந்தியின் ஓரத்தில், பள்ளிக்கூடச் சீருடை போட்ட ஒரு பெண்ணுக்கும் லாரி டிரைவர் ஒருவருக்கும் நடுவே போய் உட்கார்ந்தார். சம்மணம் போட முழங்கால் மறுத்தது. அந்தப் பெண் நகர்ந்து இடம் விட்டாள். அவர் யாரென்று அவளுக்குத் தெரியும். கண்ணை அகல விரித்துப் பார்த்துவிட்டுத் தட்டின் மேல் குனிந்துகொண்டாள்.

கீழேயிருந்து பார்த்தால் கூடம் வேறு மாதிரி இருந்தது. சந்தும் பந்தியும் தெரியவில்லை. நடக்கிறவர்களின் பாதங்கள்தான் தெரிந்தன. பருப்பு வந்தது. வேறு யாரோ ஊற்றினார்கள். மிளகாய் வந்தது, தட்டில் கொண்டுவந்தார்கள். சமையல்கட்டு வாசலில் தர்பாரா சிங் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் சிந்தர் வேலையில் இருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு ஒரு வெறும் பாதமும் துணி சுற்றிய ஒரு பாதமும் நொண்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றன.

"ப்ரசாதா ஜீ" என்றார் ராம்சுரத். லங்கரில் ரொட்டிக்கு அதுதான் பெயர். அதைத் தட்டில் போட மாட்டார்கள். இரண்டு கைகளையும் சேர்த்து விரித்து நீட்டினால்தான் அதில் இடுவார்கள்.

குர்மேஜின் கைகள் தொடைக்கு அடியில் இருந்தன. உட்கார்ந்ததிலிருந்து அங்கேதான் ஒளித்து வைத்திருந்தார். ராம்சுரத் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு ரொட்டியைப் பிடித்தபடி, புண் காலில் பாரம் போடாமல் குனிந்து நின்றார். மறுபடி சொல்லவில்லை. வரிசையில் அடுத்து இருந்தவர்கள் காத்திருந்தார்கள். லாரி டிரைவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

ராம்சுரத் குனிந்தே நின்றார்.

முதலில் இடது கை வந்தது. பிறகு வலது கை, நடுங்கிக்கொண்டு, கட்டைவிரல் உருள உருள, எல்லாரும் பார்க்கும்படி வெளியே வந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்து விரிந்தன. ராம்சுரத் அந்த ஆட்டத்தோடு தன் கையையும் கொஞ்சம் ஆட்டிக்கொடுத்து, ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர் பார்த்து ஏறுவதுபோல, ரொட்டியை இறக்கினார். சூடான ரொட்டி உள்ளங்கையில் விழுந்து துடித்தது. குர்மேஜ் அதை நெற்றிக்குக் கொண்டுபோனார். கை நெற்றியை எட்டும் வரை உதடு மூடியிருந்தது. பிறகு ஒரு முறை அசைந்தது.

ரொட்டியைப் பிட்டுப் பருப்பில் தோய்த்துத் தின்றார். கொஞ்சம் தட்டில், கொஞ்சம் தாடியில். பக்கத்துப் பெண் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அவர் அவளுக்குப் பதிலுக்கு எதையும் நகர்த்தவில்லை. எடுத்துக் குடித்தார்.

இரண்டாவது சுற்று வந்தது. ஒவ்வொருவராகக் கையால் தட்டை மூடி மறுத்துக்கொண்டே வந்தார்கள். ராம்சுரத் இன்னும் பந்தியின் பாதிகூட வரவில்லை. ஓரத்தில் குர்மேஜ் சிங்கின் இரண்டு கைகளும் அதற்குள்ளாகவே விரிந்து, ஆடிக்கொண்டு, காத்திருந்தன.